நெவர்மைண்ட்: கடைசிப் பாட்டு முடிந்து பத்து நிமிஷம் கழித்து

பழைய சிடி வாங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு முதலில் ஒரு யோசனை. நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் கையில் கிடைத்தால், உறையில் நீந்தும் குழந்தையைப் பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள். கடைக்காரரிடம் சொல்லி ஒரு பிளேயரில் போடச் சொல்லுங்கள். 12-வது பாட்டின் நீளம் எவ்வளவு என்று பாருங்கள். நாலு நிமிஷத்துக்குள் முடிந்தால் அது பெரும்பாலும் முதல் அச்சுப் பிரதி. இருபது நிமிஷத்துக்கு மேல் காட்டினால், நான் எழுதப்போகும் சமாச்சாரம் அதற்குள் இருக்கிறது.

அந்தச் சமாச்சாரத்துக்கு 'எண்ட்லெஸ், நேம்லெஸ்' என்று பெயர். உறையில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. 'சம்திங் இன் த வே' முடிந்து, ஏறத்தாழ பத்து நிமிஷம் ஒரு சத்தமும் இல்லாமல் சிடி சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு 13 நிமிஷம் 51 வினாடியில் கிட்டாரும் பேஸும் டிரம்ஸும் ஒரே நேரத்தில் மேலே வந்து விழும். கிட்டத்தட்ட ஏழு நிமிஷம் அந்த ரகளை நடக்கும். குழுவின் பாடகரும் கிட்டாரிஸ்டுமான குர்ட் கோபேனின் குரலும் அதில் உண்டு. ஆனால் அவர் பாடுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கங்கே ஒரு சொல் காதில் தட்டுப்படும், மிச்சமெல்லாம் கத்தல், முனகல், மூச்சு. குரலையும் இன்னொரு வாத்தியமாக எடுத்துக்கொண்டால்தான் கணக்கு சரியாக வரும். அதனால் இதை வாத்திய இசை என்ற கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

நான் வேலை செய்வது அமெரிக்காவில் சியாட்டிலை அடுத்த ரெட்மண்டில், குடியிருப்பதும் அந்தப் பக்கம்தான். சியாட்டில் நகரத்துக்குள் போனால் பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றில் நுழையாமல் திரும்புவதில்லை. இந்தச் சிடியை அங்கேதான் ஆறு டாலருக்கு எடுத்தேன். கோயம்புத்தூர் கல்லூரி விடுதியில் இருந்தபோதே இந்த ஆல்பம் எனக்கு மனப்பாடம். ஆனால் அது யாரோ பதிந்து கொடுத்த கேசட். பதிந்தவர் 'சம்திங் இன் த வே' முடிந்ததும் நிறுத்தியிருந்தார், எந்த மனிதரும் அப்படித்தான் நிறுத்துவார். அதனால் என் ஆல்பம் பல வருஷம் அமைதியாகவே முடிந்துகொண்டிருந்தது.

இப்போது செயலிகளில் கேட்பவர்களுக்கு இந்த வம்பே இல்லை. 'எண்ட்லெஸ், நேம்லெஸ்' 13-வது பாட்டாகப் பெயரோடு, நீளத்தோடு, ஒரு வரியில் உட்கார்ந்திருக்கிறது. தொட்டால் பாடும், பிடிக்கவில்லையென்றால் அடுத்ததுக்குப் போகலாம். இந்த விமர்சனத்தில் எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அதைப் பற்றித்தான்: அங்கே கேட்பது அந்தச் சத்தத்தின் பாதி மட்டும். மிச்சப் பாதி முன்னால் இருந்த பத்து நிமிஷ வெறுமை. அதை வெட்டி எறிந்துவிட்டார்கள்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். 1991 மே மாதம், கலிபோர்னியாவில் வான் நைஸ் என்ற இடத்தில் சவுண்ட் சிட்டி ஸ்டூடியோ. வெளியிலிருந்து பார்த்தால் சரக்குக் கிடங்கு போல இருக்கும் கட்டடம். உள்ளே இருந்த, ஒலிகளைக் கலந்து பதிய உதவும் நீவ் மிக்சிங் மேசைக்காகவே ஆட்கள் அங்கே வந்தார்கள். பின்னாளில் குழுவின் டிரம்மர் டேவ் குரோல் அந்த மேசையையே விலைக்கு வாங்கிக்கொண்டு போனார், அதைப் பற்றி ஒரு ஆவணப்படமும் எடுத்தார். தயாரிப்பாளர் புட்ச் விக். அன்று 'லித்தியம்' பதிவு. அந்தப் பாட்டு மெதுவாக நடந்து, திடீரென்று உரத்து, மறுபடி மெதுவாக நடக்க வேண்டும். இவர்கள் வாசிக்க வாசிக்க வேகம் கூடிக்கொண்டே போனது. திரும்ப எடுத்தார்கள், திரும்பவும் ஓடியது. கோபேனுக்குப் பொறுமை போய்விட்டது. பாட்டை விட்டுவிட்டு கையில் வந்ததை அடிக்க ஆரம்பித்தார். பேஸ் கிட்டார் வாசிக்கும் நோவோசெலிக்கும் குரோலும் கேள்வி கேட்காமல் பின்னாலேயே போனார்கள். விக் டேப்பை நிறுத்தவில்லை. கடைசியில் கோபேன் கையிலிருந்த இடது கை கிட்டாரை அடித்து உடைத்தார். அன்றைய வேலை அத்தோடு சரி.

'லித்தியம்' வேறொரு நாளில்தான் அமைந்தது. காதில் தாளம் தட்டும் கிளிக் டிராக்கைக் கேட்டுக்கொண்டு வாசிக்கும்படி விக் குரோலிடம் சொன்னார். எந்த டிரம்மருக்கும் இது கொஞ்சம் சுருக்கென்று தைக்கும். குரோலுக்கும் தைத்தது. ஆனால் வந்து உட்கார்ந்து கச்சிதமாக வாசித்துக் கொடுத்தார். ஆல்பத்தில் நாம் கேட்கும் ஒழுங்கான 'லித்தியம்' அப்படி வந்தது. ஒழுங்குக்கு வராத அந்தப் பழைய நாளின் மிச்சம்தான் கடைசியில் ஒளிந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் சத்தம் வேறு மாதிரிக் கேட்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. சத்தம் அதேதான். ஆனால் டிரம்ஸ் ஏன் அவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பது மட்டும் புரிகிறது.

அதை ஒளித்து வைத்தது ஒரு குறும்பு. முன்னுதாரணம் இல்லாத குறும்பும் இல்லை. 1969-இல் பீட்டில்ஸின் 'ஆபி ரோட்' முடிந்து சில வினாடி கழித்து, முதல் உறைகளில் பெயர் போடாத ஒரு குட்டிப் பாட்டு வரும். ஆனால் இசைத்தட்டில் பத்து நிமிஷம் வெற்றிடம் விட இடம் கிடையாது. சிடி வந்த பிறகுதான் 74 நிமிஷ இடம் கிடைத்தது. நெவர்மைண்டின் பட்டியலில் உள்ள பாட்டுகளைக் கூட்டினால் 42 நிமிஷத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மீதியெல்லாம் காலி நிலம். அதில் ஒரு வேட்டு வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று இவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

அதிலும் ஒரு கோளாறு நடந்தது. பதிவை அச்சுக்குத் தயார்செய்யும் மாஸ்டரிங் வேலையைச் செய்தவர் ஹவி வைன்பெர்க். அவர் கையிலிருந்து போன முதல் மாஸ்டரில் இந்தச் சத்தம் விடுபட்டுவிட்டது. சிடி கடைக்குப் போன பிறகு கோபேன் போட்டுக் கேட்டால், கடைசியில் ஒன்றுமே வரவில்லை. தொலைபேசியில் பிடித்து நன்றாகத் திட்டியிருக்கிறார். அடுத்த அச்சிலிருந்து சேர்த்தார்கள். விடுபட்டவை சுமார் 20,000 பிரதிகள் என்று சேகரிப்பாளர்கள் கணக்குச் சொல்வார்கள். 1991 செப்டம்பர் 24-இல் ஆல்பம் வெளிவந்தபோது அமெரிக்கக் கடைகளுக்குப் போனதே 46,000 சொச்சம்தான். அடுத்த ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைத் தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்து, பிறகு கோடிக்கணக்கில் விற்றது. ஆகவே இன்றைய நிலவரம் விநோதமானது. ஒளிந்திருக்கும் சத்தம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அது இல்லாத பிரதிதான் அரிது. அதைத்தான் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

என் அலுவலகத்தில் டகோமாவில் வளர்ந்த ஒருவர் இருக்கிறார், ஐம்பதைத் தாண்டியவர். அவர் வைத்திருப்பது அந்த முதல் அச்சுதான். வெளிவந்த சில நாளிலேயே வாங்கியிருக்கிறார். அடுத்த குளிர்காலத்தில் ஒரு நண்பன், "கடைசியில் ஒரு பூகம்பம் வருமே, கேட்டாயா?" என்று கேட்டானாம். இவர் வீட்டுக்குப் போய்க் கடைசிப் பாட்டைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். சிடி நின்றுபோனது. மறுநாள் அவனிடம் போய், புளுகாதே என்றார். அவன் சத்தியம் செய்தான். இப்படியே பல மாதம். கடைசியில் 1992-இல் ஆல்பத்தின் 'கம் ஆஸ் யு ஆர்' பாட்டு சிங்கிளாகத் தனியே வந்தபோது, பின்பக்கத்தில் இந்தப் பெயர் அச்சாகியிருந்தது. அப்போதுதான் இவர் முதல்முறையாகக் கேட்டார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "எனக்குச் சத்தம் நினைவில்லை. அவன் பொய் சொல்லவில்லையே என்ற எரிச்சல்தான் நினைவிருக்கிறது," என்றார்.

அந்தக் காலத்துக் கேட்பவர்களிடமிருந்து இதுவரை எனக்குக் கிடைத்த கதைகள் எல்லாமே ஏறக்குறைய இந்த ரகம். இசையைப் பற்றி யாரும் முதலில் பேசுவதில்லை. எங்கே இருந்தேன், என்ன செய்துகொண்டிருந்தேன் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஒருவர் சிடியைப் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார். இன்னொருவர் பிளேயர் கெட்டுப்போனது என்று பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். ஐந்து சிடி மாற்றும் பிளேயரில் விருந்துக்குப் பாட்டு அடுக்கி வைத்த ஒருவருக்கு, நடுவில் பத்து நிமிஷம் ஒன்றும் வராமல், விருந்தாளிகள் மெல்ல மெல்லக் குரல் தாழ்த்திப் பேச ஆரம்பித்தபோது அது வெடித்ததாம். இப்படி ஒரு இசைத் துண்டுக்குக் கேட்பவர்களின் சொந்தக் கதை இத்தனை ஒட்டிக்கொண்டிருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதற்கு முந்தைய பாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 'சம்திங் இன் த வே' ஆல்பத்திலேயே மெலிந்த பாட்டு. கோபேன் அதை ஸ்டூடியோவின் கட்டுப்பாட்டு அறையில் சோபாவில் சாய்ந்தபடி, சுருதி சரியாகச் சேராத ஒரு பழைய அக்கூஸ்டிக் கிட்டாரில், காதருகே பேசும் குரலில் பாடிப் பதிந்தார். மற்ற வாத்தியங்கள் அந்தக் கிட்டாருக்கு ஏற்ப வளைந்துகொடுக்க வேண்டியிருந்தது. கிர்க் கேனிங் என்பவர் செல்லோ வாசித்திருக்கிறார். பாட்டு மெலிந்திருப்பதால் கேட்பவர் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார். கூட்டி வைத்ததை மறந்தும்விடுகிறார். மிச்சம் உங்களுக்கே புரியும்.

சரி, என் வீட்டு ஆட்களின் கதைக்கு வருகிறேன். என் கொரோலா பழைய வண்டி, அதில் சிடி போடும் வாய் இன்னும் வேலை செய்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரத்திலிருந்து 520 பாலம் வழியாக வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அது வாஷிங்டன் ஏரி மேல் மிதக்கும் பாலம், உலகத்திலேயே நீளமான மிதக்கும் பாலம் என்று பெயர். கரையேறுவதற்கு முன்பே பாட்டு முடிந்துவிட்டது. மனைவி பிள்ளையின் நீச்சல் வகுப்புக் கட்டணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் அப்பா, ஊரிலிருந்து ஆறு மாச விசாவில் வந்தவர், ஏரியைப் பார்த்தபடி பாதித் தூக்கத்தில் இருந்தார். எனக்கு மட்டும் என்ன வரப்போகிறது என்று தெரியும். வாயைத் திறக்கவில்லை.

வந்தது. மனைவி கட்டணத்தை விட்டுவிட்டு என் பெயரை முழுசாகச் சொல்லிக் கத்தினாள். அப்பா, "தம்பி, வண்டி பெல்ட் அறுந்துடுச்சு, ஓரம் கட்டு," என்றார். அவர் பேருந்துக் கழகத்தில் பணிமனை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இயந்திரச் சத்தத்தில் அவர் காதை ஏமாற்ற முடியாது. பாட்டுதாம்பா என்று சொன்னதும் கொஞ்ச நேரம் கவனித்துக் கேட்டார். பிறகு, "தாளம் போடறவன் மட்டும் வேலை தெரிஞ்சவன்," என்றார். நான் படித்த எந்த விமர்சனத்தைவிடவும் இது சரியான கணிப்பு. கூடவே, கிட்டார்க்காரனுடையது அபஸ்வரம்கூட இல்லை, அதற்கு ஸ்வரம் தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், அந்தக் கிட்டாரில் நடப்பது கண்மூடித்தனம் இல்லை. கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்பிலிருந்து வரும் சத்தம் திரும்பக் கிட்டாரின் கம்பியை அதிரவைத்து, அந்த அதிர்வு மறுபடி ஆம்புக்குப் போய், ஒரு வட்டமாகச் சுற்றும்போது ஃபீட்பேக் என்ற ஊளை பிறக்கிறது. வாசிப்பவர் ஆம்பை நோக்கி ஒரு அடி நகர்ந்தாலும், உடம்பைக் கொஞ்சம் திருப்பினாலும் அந்த ஊளையின் ஸ்தாயி மாறும். இதை ஒருவர் பிடித்து நிறுத்துவதும் விடுவதும் இந்தப் பதிவில் நன்றாகக் கேட்கிறது. அப்புறம் டிஸ்டார்ஷன், வேண்டுமென்றே சத்தத்தைக் கரகரக்க வைப்பது. ச-ப சேர்த்து அடித்தால் டிஸ்டார்ஷனில் அது தடித்து நிமிர்ந்து நிற்கும், ராக் இசையே அந்த இரண்டு சுரத்தின் மேல்தான் நிற்கிறது. அடுத்தடுத்த இரண்டு சுரத்தைச் சேர்த்து அடித்தால், இரண்டும் ஒன்றையொன்று உரசி, ஒரு துடிப்பு கிளம்பி, பற்களில் கூசும். கோபேன் இந்த ஏழு நிமிஷத்தில் இரண்டுக்கும் நடுவில் போய்ப்போய் வருகிறார். கோபத்தில் கண்டபடி அடிப்பவர் அந்தக் கூச்சத்திலேயே நின்றுவிடுவார். இவர் ஒவ்வொரு தடவையும் தொடக்கத்தில் வந்த அந்தக் கனத்த வாசிப்புக்குத் திரும்பி வருகிறார். வந்து சேருமிடம் ஒன்று இருப்பதால்தான் இதைத் திரும்பக் கேட்க முடிகிறது.

இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்பதும் ரகசியம் இல்லை. கம்பிகளுக்கு வழக்கத்தில் இல்லாத சுருதிகளை வைத்து, இடையில் திருப்புளியைச் செருகி வாசித்த நியூயார்க் குழு சோனிக் யூத். அவர்கள் சொல்லித்தான் நிர்வாணா கெஃபன் இசைத்தட்டுக் கம்பெனிக்கே போனது. 1991 ஆகஸ்டில் இரண்டு குழுவும் சேர்ந்து ஐரோப்பாவில் சுற்றினார்கள். இன்னொரு பக்கம் மெல்வின்ஸ். கோபேன் வளர்ந்த அபர்தீன் பக்கத்து ஆட்கள், ஒரு சுரத்தைச் சேற்றில் இழுப்பதுபோல் மெதுவாக இழுத்து வாசித்தவர்கள். இந்த ஏழு நிமிஷத்தில் நடுப்பகுதி அப்படியே மெல்வின்ஸ் வாடை.

நடுப்பகுதியைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல என்னால் முடியவில்லை. முதல் தாக்குதல் அடங்கிய பிறகு, பேஸ் மட்டும் ஒரே இடத்தில் நடை போட, கிட்டார் மேலே கீச்சிட்டுக்கொண்டு, குரல் முணுமுணுத்துக்கொண்டு சில நிமிஷம் போகும். மறுபடி வெடிக்கும், மறுபடி அடங்கும். இரண்டாவது அடக்கத்தில் எனக்குக் கவனம் சிதறிவிடுகிறது, எப்போது கேட்டாலும் அதே இடத்தில்தான். நோவோசெலிக்கின் பேஸ் மட்டும் அங்கே ஆளைப் பிடித்து வைக்கிறது. மூன்று பேரில் அன்று கோபம் வராதவர் அவர் ஒருவர்தானோ என்று தோன்றும்.

கடைசி ஒரு நிமிஷத்துக்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம். பாட்டின் மணிகாட்டி பத்தொன்பதரை நிமிஷத்தை ஒட்டி வரும்போது கிட்டார் உடைகிறது. மரம் அடிபடும் சத்தம், கம்பி தெறிக்கும் சத்தம், உடைந்த பிறகும் ஆம்ப் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் இரைச்சல். மேடையில் கிட்டார் உடைப்பதை ஆயிரம் பேர் செய்திருக்கிறார்கள். அது பார்க்கும் ஆட்களுக்காகச் செய்வது. ஸ்டூடியோவில் பார்க்க யாருமில்லை. இரண்டு நண்பர்கள், ஒரு தயாரிப்பாளர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் டேப். அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கேட்பதற்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும், பக்கத்து வீட்டுச் சண்டை காதில் விழுகிற மாதிரி.

1994 ஏப்ரலில் கோபேன் தற்கொலை செய்துகொண்டதற்குப் பிறகு இதைக் கேட்டவர்கள் பலர், அவருடைய முடிவு இந்தச் சத்தத்தில் முன்கூட்டியே தெரிகிறது என்கிறார்கள். இந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1991 மே மாதம் அந்த ஆளுக்கு வயது 24. புது ஒப்பந்தம், நல்ல ஸ்டூடியோ, கையில் பன்னிரண்டு அருமையான பாட்டு. ஒரு பாட்டு அன்று சரியாக வரவில்லை, எரிச்சலில் கிட்டாரை உடைத்தார். அப்புறம் அதையே எடுத்து, கேட்பவர்களைத் திடுக்கிட வைக்கலாம் என்று ஆல்பத்தின் வாலில் கட்டினார். அதைச் செய்யும் ஆள் சிரித்துக்கொண்டிருப்பவர். அவர் வாழ்க்கையின் கடைசியிலிருந்து திரும்பிப் பார்த்து, அந்தச் சிரிப்பைப் பிடுங்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அக்கா மகன் போர்ட்லாண்டில் படிக்கிறான், பதினேழு வயது, கிட்டார் கற்றுக்கொள்கிறான். ஜப்பானிய இரைச்சல் இசையெல்லாம் கேட்பவன். அவனுக்கு 'எண்ட்லெஸ், நேம்லெஸ்' செயலியில் 13-வது பாட்டாகத்தான் தெரியும். "மாமா, இது சும்மா வார்ம்-அப் மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. லூ ரீட் 1975-இலேயே 'மெட்டல் மெஷின் மியூசிக்' என்று இரண்டு இசைத்தட்டு நிறைய வெறும் கிட்டார் ஊளையை வெளியிட்டு, வாங்கியவர்கள் கடையில் திருப்பிக் கொடுக்கும் அளவுக்குப் போயிருக்கிறார். வெறும் இரைச்சல் என்று தராசில் வைத்தால் நிர்வாணாவின் ஏழு நிமிஷம் எடை குறைவுதான்.

விடுமுறைக்கு அவன் வந்திருந்தபோது அதே சிடியை வண்டியில் போட்டேன், ஒன்றும் சொல்லவில்லை. 'சம்திங் இன் த வே' முடிந்தது. கைபேசியை எடுத்துப் பார்த்தான். கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றிப் பேசினான். சிடி தீர்ந்துவிட்டதா என்று கேட்டான், நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். பிறகு அவன் அப்பாவைப் பற்றி, வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தான். பாதி வாக்கியத்தில் கிட்டார் வந்து விழுந்தது. துள்ளினான், என்னைத் திரும்பிப் பார்த்தான், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கடைசி வரை நிறுத்தவே விடவில்லை. அவன் சொல்ல வந்த விஷயத்தை அப்புறம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்டேன், அது இங்கே வேண்டாம்.

இதே குறும்பை நிர்வாணா இன்னொரு தடவையும் செய்து பார்த்தது. 1993 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் பதிந்த ஒரு கைபோன போக்கு வாசிப்பை, அடுத்த ஆல்பமான 'இன் யூடெரோ'வின் அமெரிக்காவுக்கு வெளியே விற்ற சிடிகளில் மட்டும், சுமார் 20 நிமிஷ மௌனத்துக்குப் பின்னால் வைத்தார்கள். மதிப்பிழந்த அமெரிக்க டாலருக்கு வாங்கத் தூண்டும் பாட்டு என்று உறையில் ஒரு கிண்டல் வேறு. என் காதுக்கு அது எடுபடவில்லை. அறிவித்துவிட்டுத் திடுக்கிட வைக்க முடியாது. இருபது நிமிஷம் யாரும் காத்திருக்கவும் மாட்டார்கள். அதன் பிறகு தொண்ணூறுகள் முழுக்க ஆளாளுக்குச் சிடியின் வாலில் எதையாவது ஒளித்து வைத்து, அந்த வித்தையே தேய்ந்து போனது.

சியாட்டில்காரர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் இன்னொன்றும் தவறாமல் நடக்கும். என் நிறத்தைப் பார்த்ததும் அவர்களுக்கு சவுண்ட்கார்டன் குழுவின் கிட்டாரிஸ்ட் கிம் தயில் நினைவுக்கு வந்துவிடுவார். அவருடைய பெற்றோர் கேரளத்திலிருந்து வந்தவர்கள், எனக்கு ஏதோ பங்காளி முறை என்பதுபோலப் பேசுவார்கள். தயில் வேறு பள்ளி. முறுக்கிய, ஒழுங்கு தவறிய சுருதிகளில் அவர் வாசிப்பது கூசும், ஆனால் எல்லாம் திட்டமிட்டது. அதே குழு 1988-இல் 'அல்ட்ராமெகா ஓகே' ஆல்பத்தில், ஜான் லெனனும் யோகோ ஓனோவும் வெளியிட்ட இரண்டு நிமிஷ மௌனத்தை ஒரு நிமிஷமாகச் சுருக்கி மறுபதிப்பு செய்திருக்கிறது. மௌனத்தை வைத்து வேடிக்கை செய்வது இந்த ஊர்க் குழுக்களுக்குப் புதிதில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: மறுபதிப்புகளின் பளபளப்பான பெட்டிகளுக்கு இந்த ஒரு விஷயத்துக்காகப் பணம் கொடுக்காதீர்கள். தொண்ணூறுகளில் அச்சான சாதாரணச் சிடி போதும், மொத்த நீளம் 59 நிமிஷத்துக்கு மேல் காட்ட வேண்டும். இதயம் பலவீனமானவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் 12-வது பாட்டின்போது சத்தத்தைக் கூட்ட வேண்டாம். இதை அவர்கள் மேடையில் எப்படி வாசித்தார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டால், 1991 அக்டோபர் 31-இல் சியாட்டில் பாராமவுண்ட் அரங்கில் நடந்த நிகழ்ச்சி 2011-இல் வட்டாக வந்திருக்கிறது. அதை அவர்கள் முடிப்பது இந்தச் சத்தத்தோடுதான். படப்பிடிப்பு நன்றாக இருக்கிறது, டிரம்ஸ் இன்னும் நன்றாகக் கேட்கிறது. ஆனால் அங்கே எல்லாருக்கும் அது வரப்போகிறது என்று தெரியும்.

வீட்டுக்குள் இந்தச் சிடி வரக்கூடாது, வண்டியிலேயே கிடக்கட்டும் என்பது மனைவியின் உத்தரவு. வண்டியை அவள் எடுக்கும் நாளில் முதலில் அதை வெளியே எடுத்து டேஷ்போர்டு டப்பாவில் போட்டுப் பூட்டிவிடுகிறாள்.